மச்சாளின் ஒற்றை மணி

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. எழுதினால் முன்னது பின்னதாக வரும். சிலது மறந்தும் போய்விட்டது. குறை நினைக்காதீர்கள். ஊரை விட்டு வந்து குடியேறிய இந்த நாட்டில், எங்கள் நோர்பரி வீட்டில், மாடிப்படிக்குக் கீழே ஒரு தொலைபேசி இருக்கிறது. வெள்ளையாக வாங்கியது, இப்போது பழுத்த பல்லின் நிறம். பிள்ளைகள் கழற்றச் சொல்கிறார்கள். நான் விடவில்லை. ஏன் என்று சொல்வதென்றால் மச்சாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மச்சாள் என் வீட்டுக்காரரின், இவருடைய, ஒரே தங்கச்சி. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். கலியாணம் செய்யவில்லை. ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. சாப்பாட்டு நேரத்தில் நூலகப் புத்தகத்தோடு இருப்பார். வேலையை விட்ட வருடம், எங்கள் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி, யப்பானுக்குப் போகப் போவதாகச் சொன்னார். முன்னொரு காலத்தில் அங்கே ஒரு கவிஞர், இருந்த வீட்டையும் விட்டுவிட்டு, தொப்பியும் தடியுமாக வடக்கே மலை மலையாக நடந்து, வழியெல்லாம் சின்னச் சின்னப் பாட்டு எழுதினாராம். அந்த வழியில் தானும் போக வேண்டுமாம். கால் ஏலாத இடத்தில் ரயில்.

"சண்டை நேரம் ஊரிலை மூட்டையோடை நடந்தது காணாதே, தங்கச்சி?" என்று இவர் சிரித்தார்.

"அது ஆமி கலைக்க ஓடினது, அண்ணை. இது நானா நடக்கிறது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளிக்கிட்ட அன்று வாசலில் வைத்து ஒன்றுதான் கேட்டேன். "ஒவ்வொரு இடமும் போய்ச் சேர்ந்தவுடனை ஒரு றிங் தாங்கோ, மச்சாள்." அந்த நாளில் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் இருந்தது. ஒரு தரம் மணி அடித்ததும் வைத்துவிட வேண்டும், எடுக்கக் கூடாது. செலவில்லாமல் 'சுகமாக வந்து சேர்ந்தேன்' என்று அர்த்தம். என் தம்பியும் அப்படித்தான் சொன்னான். கொழும்பிலிருந்து எங்களிடம் வர, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியோடு வெளிக்கிட்டபோது, "மொஸ்கோவிலை இறங்கினவுடனை றிங் தாறன், அக்கா" என்றான். அந்த மணி இன்றுவரை அடிக்கவில்லை. நாங்கள் வீடு மாறியபோதும் நம்பரை மாற்ற நான் விடவில்லை.

மச்சாளின் மணி காலையில் வரும். அங்கே அப்போது பொழுதுபடும். ஒரு மணி கேட்டால்தான் எனக்குக் காலைச் சாப்பாட்டுப் பாண் தொண்டைக்குள் இறங்கும். பிறகு ஒரு காலை அது வரவில்லை. அடுத்த காலையும் இல்லை. யப்பானில் கடும் மழை என்று டிவியில் சொன்னார்கள். நான் மாடிப்படியிலேயே இருந்தேன்.

"போனை அடைகாக்கிறியே? குஞ்சு பொரிக்காது, எழும்பு" என்றார் இவர். அன்று பின்னேரம் அவரே ஒருவருக்கும் தெரியாமல் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்ததை நான் குசினிக்குள் நின்று கண்டேன்.

எத்தனை காலை அப்படிப் போனதோ, நினைவில்லை. கடைசியில் ஒரு காலை மணி அடித்ததும், எடுக்கக் கூடாது என்ற சட்டத்தை மறந்து எடுத்துவிட்டேன்.

"ஏன் மச்சாள் எடுத்தனீங்கள்? காசெல்லே போகுது!"

"எங்கை போனனீங்கள்?" என்று கேட்டேன்.

கடல் நடுவே பைன் மரங்கள் நிற்கும் குட்டித் தீவுகளாம். அந்த அழகைப் பார்த்துக் கவிஞரே பாட்டு வராமல் பேசாமல் இருந்துவிட்டாராம். "எனக்கும் ஒருத்தரோடையும் ஒண்டும் சொல்ல மனம் வரேல்லை, மச்சாள். சும்மா இருந்திட்டன்."

நான் அதிகம் கதைக்கிறவள் இல்லை. அன்று மட்டும் சொன்னேன்: "அவர் வீட்டை விட்டிட்டுப் போனவர். உங்களுக்கு வீடு இருக்கு. எங்கடை ஆக்கள் பேசாமல் இருந்தா நான் என்னெண்டு நினைக்கிறது?"

"தம்பியை மறந்திட்டன், மச்சாள்" என்றார். பிறகு காசு போவதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், நான் அழுது முடியும்வரை வைக்காமல் நின்றார். அதற்குப் பிறகு ஒரு ஊர்கூடத் தப்பவில்லை. வெயிலில் கறுத்து, மெலிந்து வந்து சேர்ந்தார்.

இப்போது பேரப்பிள்ளைகளின் கைபேசியில் ஆளே தெரிகிறது. மச்சாள் இதே நகரின் மற்றப் பக்கம், கிங்ஸ்பரியில், தனியே இருக்கிறார். காசு இல்லாமலே நாள் முழுக்கக் கதைக்கலாம். ஆனாலும் தினமும் காலையில் மச்சாள் இந்தப் பழைய தொலைபேசிக்கு ஒரு மணிதான் அடிப்பார். நான் எடுப்பதில்லை.

அந்தத் தீவுகளின் பெயரும், கவிஞர் அங்கே பாடாமல் விட்டது உண்மைதானா என்பதும் எனக்குச் சரியாகத் தெரியாது. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். மச்சாளையே கேட்டிருப்பேன். இன்றைக்குப் பொழுது ஏறிவிட்டது, இன்னும் மணி அடிக்கவில்லை.