பிரிஜெட்டின் முப்பதாம் நாள் மன்றாட்டு

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். ஞானசேகரன் என்கிற நான். என் மனைவி சாந்தகுமாரி. என் தம்பி ஜெயராஜ். இறந்துபோன என் தங்கை பிரிஜெட்டின் ஒரே மகள் குளோரியா. இவர்களில் யாரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். நான் கட்டுக்கதை எழுதுகிறவன் அல்ல. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

1997 ஜூலை மாதம். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் வீடு. பிரிஜெட் போய் அன்று முப்பதாம் நாள்.

அவளைப் பற்றிச் சொல்லவேண்டும். கணவன் இறந்தபின் மகளோடு எங்கள் வீட்டிலேயே இருந்தாள். சொந்தக்காரர்கள் வீட்டில் என்ன நடந்தாலும் முதலில் அவளுக்குத் தெரியும். ஆனால் வம்பு பேசமாட்டாள். செய்தியை ஜெபத்தில் வைத்துத்தான் சொல்வாள். எங்கள் வீட்டில் தினமும் மாலை ஏழு மணிக்கு ஜெபமாலை. அது முடிந்ததும் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி அவள் மன்றாடுவாள். முதலில் உயிரோடு இருப்பவர்கள், பிறகு இறந்தவர்கள்.

“ஜெயராஜ் அண்ணன் பீன்யாவுல ஃபாக்டரி விட்டதும், எங்கயும் நிக்காம நேரா வூட்டுக்கு வரணும்னு ஆண்டவரை மன்றாடுவோம்.”

“எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று எல்லோரும் சொல்வோம். ஜெயராஜும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

“பாருண்ணே, கடவுள்கிட்டயே போட்டுக் குடுக்கறா” என்பான் பிறகு.

“நீ பண்றது அவருக்குத் தெரியாதா? ஞாபகப்படுத்தறேன், அவ்ளோதான்” என்பாள்.

ஒரு காலை, குழாயடியில் விழுந்தாள். மருத்துவமனை போகுமுன் முடிந்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை. வெகுநேரம் தலைக்கு வைத்துப் படுத்த கை மரத்துப்போய், அது யாருடைய கையோ என்று இருக்குமே, அப்படி இருந்தேன். சாப்பிட்டேன். வந்தவர்களை வழியனுப்பினேன். அவள் போன பதினைந்தாம் நாள் குளோரியாவுக்கு ஜீவனஹள்ளியிலிருந்து ஓர் இடம் வந்தது. தாய் இறந்து ஒரு வருடத்துக்குள் பெண்ணை அனுப்பிவிடுவது எங்கள் வழக்கம். நான் வாக்குக் கொடுத்தேன். முப்பதாம் நாள் கழிந்து வரும் ஞாயிறு கோயிலில் முதல் ஓலை வாசிப்பதாக ஏற்பாடு. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று பீடத்திலிருந்து அறிவித்துவிட்டால் பிறகு ஊரறிந்த விஷயம். நான் கொடுத்த வாக்கை அதுவரை மாற்றியவன் அல்ல.

முப்பதாம் நாளுக்கு வந்த உறவினர்கள் மாலையே கிளம்பிவிட்டார்கள். நாங்கள் நால்வரும் ஜெபமாலைக்கு முழங்காலிட்டோம். ஏழு மணிக்குக் கரண்ட் போயிற்று. மாதா சுரூபத்தின் முன் ஒரே ஒரு மெழுகுவத்தி. வயதில் மூத்தவன் என்பதால் நான் முன்னால் இருந்தேன். எனக்குப் பின்னால் சாந்தகுமாரியும் குளோரியாவும். கதவோரம் ஜெயராஜ். ஜெபத்தில் திரும்பிப் பார்ப்பது எங்கள் வீட்டில் கிடையாது. அப்பா காலத்திலிருந்தே.

மூன்றாம் காரணிக்கத்தில், அதாவது ஜெபமாலையின் மூன்றாவது பத்து மணிகளில், பின்னால் ஒரு சத்தம்.

டக்.

முழங்கால் எலும்பு சொடுக்குகிற சத்தம். யாரோ தாமதமாக வந்து முழங்காலிட்டது போல... சாந்தகுமாரிக்கும் வயதாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெபமாலை முடிந்தது. அந்த முப்பது நாளும் யாரும் மன்றாட்டு சொல்லவில்லை. நான் சிலுவை போட்டு முடிக்கக் கையைத் தூக்கினேன்.

“ஜெயராஜ் அண்ணனுக்காக...”

பெண் குரல். மெல்லிய குரல். குளோரியா தாயின் வேலையைக் கையில் எடுத்துக்கொண்டாள் என்று நினைத்தேன். ‘அண்ணன்’ என்று சொன்னது அப்போது உறைக்கவில்லை. தாய் சொல்வதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த பெண்.

“எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றோம்.

“தங்கவயல்ல சில்வெஸ்டர் மருமகளுக்குப் பொண்ணு பொறந்திருக்கு. குறைமாசம்னாலும் ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்னு...”

சில்வெஸ்டர் எங்கள் சித்தப்பா மகன்; அவன் மருமகளுக்கு அடுத்த மாதம்தான் நாள் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் வாய் பழக்கத்தில் சொல்லிற்று. கேட்டருளும்.

“குளோரியாவுக்குப் பார்த்த ஜீவனஹள்ளி இடம் நின்னு போகணும்னு...”

கேட்டருளும்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது.

நான்கு பேரும் சொல்லியிருந்தோம்.

நான் திரும்பவில்லை. குரல் நிற்கவில்லை. இறந்தவர்களுக்கு வந்தது. அப்பா பெயர். அம்மா பெயர். அவள் கணவன் பெயர்.

அத்தோடு நின்றது.

பிரிஜெட்டின் பெயர் வரவில்லை.

காத்திருந்தேன்...

மெழுகுவத்தி சொட்டுகிற சத்தம்கூடக் கேட்டது.

“உங்கம்மா பேரைச் சொல்லும்மா” என்றேன்.

திரும்பினேன்.

குளோரியா சாந்தகுமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாந்தகுமாரி குளோரியாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் பேசல மாமா. அத்தைன்னு நெனைச்சேன்.”

“நானா? நீதான்னு இருந்தேன்டி.”

இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. பழக்கத்தில் பிரிஜெட்டுக்கு விட்ட இடம்.

ஜெயராஜ் கதவில் சாய்ந்து நின்றான். “அங்கேருந்துதாண்ணே வந்துச்சு” என்றான். கையை நீட்டிக் காட்டவில்லை.

ஏழே முக்காலுக்குக் கரண்ட் வந்தது. அன்று யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை தங்கவயலிலிருந்து போன். சில்வெஸ்டர்தான். “அண்ணே, பேத்தி பொறந்திருக்கா. குறைமாசம். ஆனா ரெண்டு பேரும் சொகம்.”

“எப்ப?”

“நேத்து ராத்திரி ஒம்போது மணிக்கு.”

மறுபடியும் கேட்டேன். ஒன்பதுதான் என்றான். எங்கள் ஜெபம் அதற்கு ஒன்றேகால் மணி நேரம் முன்பே முடிந்துவிட்டது.

அன்றே ஜீவனஹள்ளிக்குப் போனேன். பையனின் தகப்பனார் சவரிமுத்து நாற்காலி எடுத்துப் போட்டார். உட்காரவில்லை. இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொன்னேன்.

“எங்ககிட்ட இன்னா சார் குறை?”

“ஒரு குறையும் இல்லை.”

“அப்புறம்?”

கும்பிட்டுவிட்டு வந்தேன். அவர் எழுந்து நின்றுகூட வழியனுப்பவில்லை. நானாக இருந்தாலும் எழுந்திருக்கமாட்டேன்.

இரண்டு வருடம் கழிந்தது. குளோரியா பள்ளிக்கூட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் சாந்தகுமாரியிடம் ஒன்று சொன்னாள். சாந்தகுமாரி என்னிடம் சொன்னாள். முப்பதாம் நாள் காலையில் கல்லறைக்குப் போயிருந்தோம். பூ வைத்துவிட்டு நாங்கள் முன்னால் நடந்துவிட்டோம். குளோரியா மட்டும் பின்தங்கினாள். செருப்பு வார் அறுந்துவிட்டது என்று அப்போது சொன்னாள். வார் அறுந்திருக்கவில்லை. மண்ணுக்குப் பக்கத்தில் குனிந்து மெதுவாகச் சொல்லியிருக்கிறாள்.

“எனக்கு இந்த இடம் வேணாம்மா. நான் சொல்ல முடியாது. நீயே மாமாகிட்ட சொல்லு.”

வீட்டில் வேறு யாரிடமும் அவள் அதைச் சொல்லியிருக்கவில்லை.

எங்கள் வீட்டில் ஆவி நடமாடுவதாகக் கேள்விப்பட்டு, பயந்துபோய் மாப்பிள்ளை வீட்டார் அந்தக் கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள் என்று எங்கள் பங்குக் கோயில் வட்டாரத்தில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. அவர்கள் நிறுத்தவில்லை. என் தங்கை சொன்னாள். நான் நிறுத்தினேன்.