நான் அடைத்த வால்வு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனாலும் எண்ணூரிலிருந்து திருவொற்றியூர் வரை எந்தக் கம்பெனிக்குள் நுழைந்தாலும் ஒரு குழாயையாவது காட்டி, "இது நம்ம கை" என்பேன். சொல்லாமல் விட்டதே இல்லை.

எண்ணூரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் கழிவுக் குழாய் வேலை எடுத்திருந்தேன். அமிலக் கழிவு உள் குழாயில் போகும். அது ஒழுகினால் வாங்கிக்கொள்ளச் சுற்றிலும் ஒரு வெளிக் குழாய். வெளிக் குழாய் கொஞ்ச அழுத்தம்தான் தாங்கும். மீறினால் காற்றை வெளியே விட அதன்மேல் ஒரு சேஃப்டி வால்வு.

சோதனை நாளன்று இரண்டு குழாய்க்கும் நடுவில் கம்ப்ரசரால் காற்றை ஏற்றினோம். எங்கள் செட்டில் ஒரு வழக்கம் உண்டு. வெல்டிங் வைத்தவன் தன் ஜாயிண்டுக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும்; வேலைக்கு அவன் உடம்புதான் ஜாமீன். அந்த அற்புதமான வழக்கத்தைக் கொண்டுவந்தவனும் நான்தான். வெளிக் குழாயின் கடைசி மூடியை வெல்டிங் வைத்தவன் என் மனைவியின் தம்பி. அதன் எதிரிலேயே மார்பில் கைகட்டி நின்றான்.

மீட்டர் முள் கொஞ்சம் ஏறும். வால்வு புஸ்ஸென்று ஊதும். முள் இறங்கிவிடும். மூன்று தடவை இப்படி.

"இன்னா மாமு, வால்வு பேஜாரு பண்ணுது?" என்றான் மச்சான்.

"டூப்ளிகேட் சரக்குடா."

காற்றை இறக்கி, வால்வைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஒரு பிளக்கை முறுக்கினேன். இப்போது முள் ஜம்மென்று ஏறியது. முப்பது வருஷ அனுபவம் என்றால் சும்மாவா?

அந்த நேரம் பார்த்துக் கம்பெனியின் சேஃப்டி ஆபீசர் வந்தாள். வியாசர்பாடிப் பெண். மீட்டரைப் பார்த்தாள், பிளக்கைப் பார்த்தாள்.

"வால்வு எங்க நைனா?"

"ஊதிகினே இருந்துச்சும்மா. கயட்டிட்டேன்."

"அது வேலையே ஊதுறதுதான்!" கம்ப்ரசரை நிறுத்தினாள். "காத்த நான் மெதுவா எறக்கறேன். மொதல்ல அந்த ஆள அங்கேர்ந்து வரச் சொல்லு."

மச்சான் சிரித்தான். "நான் போட்ட ஜாயிண்டும்மா. ஒண்ணியும் ஆவாது. மாமு சொன்னா வரேன்."

செட்டு முழுவதும் என்னைப் பார்த்தது. 'வாடா' என்றால் நான் தப்பு செய்ததாக ஆகிவிடும். முள்ளைப் பார்த்தேன்; இன்னும் உச்சியிலேயே நின்றது. அவனைப் பார்த்தேன்.

"மச்சான், ஒரு பீடி வாங்கினு வா."

"நீதான் வுட்டுட்டியே மாமு?"

"திரும்பப் புடிக்கப் போறேன். போடா, சீக்கிரம்!"

முணுமுணுத்துக்கொண்டே கேட் பக்கம் போனான். அவன் கேட்டைத் தொடவில்லை, வெடிச் சத்தம். மூடி பிய்த்துக்கொண்டு பறந்து, எதிர்ச் சுவரில் அவன் மார்பு உயரத்தில் செங்கல்லைப் பெயர்த்துவிட்டு விழுந்தது. அந்தப் பெண், நான் கழற்றிய வால்வை எடுத்து என் கையில் வைத்தாள்.

மாமனின் பீடி தன் உயிரைக் காப்பாற்றியதாக மச்சான் கொருக்குப்பேட்டை முழுக்கச் சொல்லித் திரிகிறான். புகழை மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. என் மனைவியிடம் மட்டும் அன்று சாயங்காலமே பிளக் விஷயத்தைச் சொன்னேன். அவள் தம்பியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவனுக்கு மட்டும் சோறு போட்டாள்.