சங்கம் அனுமதித்த கூச்சல்

நான் உயிராய்க் கேட்டுக்கொண்டிருந்த அமெரிக்க இசைக்குழுவின் வரலாறும் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் வரலாறும் ஏறக்குறைய ஒன்றுதான். நாலு நண்பர்கள் ஒரு கார்க் கொட்டகையில் தொடங்கினார்கள். முதல் பாடகன் கோபித்துக்கொண்டு போனான். அடுத்தவன் கடவுளைக் கண்டுவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனான். குழுவின் பெயர் யாருக்குச் சொந்தம் என்று டிரம்ஸ்காரனும் கிற்றார்காரனும் கோர்ட் வரை போனார்கள். விலகியவர்கள் எல்லோரும் தவறாமல் அறிக்கை விட்டார்கள். எங்கள் சங்கத்தில் கடவுளைக் கண்டவர் மட்டும் இல்லை, மற்றதெல்லாம் உண்டு.

அவர்கள் வாசித்தது மாத்கோர். தாளத்தை ஏழு, பதினொன்று என்று கணக்குப் பிசகாமல் உடைத்து, அதன்மேல் தொண்டை கிழியக் கத்துவது. பதினேழு வயதில் அதைவிடப் பெரிய கலை உலகத்தில் இல்லை என்று நம்பினேன். குழு கலைகிறது, கடைசிச் சுற்றில் டென்மார்க்கில் நாங்கள் இருந்த வைலேக்கு வருகிறது என்று அறிந்த அன்றே டிக்கெட் வாங்கினேன்.

கச்சேரி வந்ததோ இலங்கையில் போர் முடிந்த வைகாசியில். வன்னியில் இருந்த அம்மாவின் தம்பியிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. அம்மா அழவும் இல்லை. அழ விட்டால்தானே. ஆறுதல் சொல்ல வந்த பெண்கள் எங்கள் தேநீரைக் குடித்துக்கொண்டே, "இருக்கிறாரோ இல்லையோ எண்டு வடிவாத் தெரியாமல் அழாதையுங்கோ, அபசகுனம்" என்றார்கள். அம்மா தலையாட்டிவிட்டு இன்னும் தேநீர் ஊற்றினார். முதியோர் இல்லத்து வேலைக்கும் தவறாமல் போய்வந்தார்.

சங்கம் அஞ்சலிக் கூட்டம் வைத்தது. யார் முதலில் பேசுவது என்று மைக்கைப் பிடித்து இழுபட்டார்கள். ஒரே ஒரு தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. துக்க காலத்தில் யாரும் சந்தோசமான நிகழ்ச்சிகளுக்குப் போகக்கூடாது.

அப்பா சங்கத்தின் சொல்லை மீறாதவர். என் சிடியைத் தலைவரிடமே கொண்டுபோனார். நானும் பின்னால் போனேன். தலைவர் ஹெட்போனை மாட்டினார், முகம் கோணியது, கழற்றிவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"தம்பி, செத்த வீட்டிலையும் இப்பிடி ஒருத்தரும் குழறி அழ மாட்டினம். இதைக் கேட்டு ஆர் சந்தோசப்படப் போறான்? பிள்ளை போகட்டும். ஆனா தனிய விடாதையும், தாயும் போகட்டும்."

இப்படியாக, சங்கத்தின் அனுமதியோடும் தாயின் காவலோடும் ஒருத்தி மாத்கோர் கச்சேரிக்குப் போனாள். எனக்கு வெட்கத்தில் உயிர் போனது. உடம்பெல்லாம் பச்சை குத்திய டெனிஷ் பெடியன் ஒருவன் அம்மாவுக்குக் கதிரை கொண்டுவந்து போட்டான். இன்னொருவன் காதுக்கு வைக்கப் பஞ்சு கொடுத்தான். அம்மா நன்றி சொல்லி வாங்கிக் கைப்பைக்குள் வைத்தார்.

முதல் பாட்டிலேயே கூட்டம் முட்டி மோதத் தொடங்கியது. பாடகன் மேடையில் விழுந்து புரண்டு கத்தினான். நானும் கத்தினேன். அம்மா என்ன பாடுபடுகிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன்.

கதிரை வெறுமையாக இருந்தது. அம்மா சுவரோரம் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குழறிக்கொண்டிருந்தார். சத்தம் எனக்குக் கேட்கவில்லை, வாயசைவில் தம்பியின் பெயர் தெரிந்தது. சுற்றி நின்றவர்களும் கத்திக்கொண்டிருந்ததால் ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பாட்டு வெட்டினதுபோல நின்றது. அம்மாவும் வாயை மூடிக்கொண்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். நான் கிட்டப் போய்க் கையைப் பிடித்தேன்.

"வீட்டை போவமா அம்மா?"

அவர் மேடையைப் பார்த்தார்.

"இன்னும் பாடுவினமோ?"