அரியாங்குப்பத்தில் சிவந்த மேப்பிள்

காலை 6.10. கோயம்புத்தூரில் ஏறிய பேருந்து புதுச்சேரி நிலையத்தில் என்னை இறக்கிவிட்டபோது நல்ல மழை. குன்னூரிலிருந்து கிளம்பிப் பதினாறு மணி நேரம் ஆகியிருந்தது. பேருந்துச் செலவு மட்டும் ஐந்நூற்று நாற்பது ரூபாய். கடற்கரையையும் மஞ்சள் சுவர்களையும் பார்க்க வந்தவள் அல்ல நான். நவம்பர் கடைசியில், இந்த உப்புக்காற்று ஊரில், ஒரு மேப்பிள் மரம் சிவந்து நிற்கிறது. அதைப் பார்க்க வந்தேன்.

மரம் என்றால் முழங்கை உயரம்தான். பத்து வருஷம் தொட்டியில் நான் வளர்த்த போன்சாய். குளிர் பட்டால்தான் மேப்பிள் இலை சிவக்கும். உதிர்ந்தால்தான் மரம் தூங்கி எழுந்து மறுபடி தளிர்விடும். சமவெளியில் பிழைக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். நான் யார் பேச்சைக் கேட்டேன்? தங்கை கலா ஆசைப்பட்டாள் என்று நான்கு வருஷத்துக்கு முன்னால் கொடுத்தனுப்பினேன். நவம்பர்தோறும் அவளிடமிருந்து சிவந்த இலைகளோடு படம் வரும். அதை நான் காட்டாத ஆள் இல்லை. என்னை நம்பி மேப்பிள் வாங்கிய தருமபுரிக்காரர் ஒருவர், செடி கருகிவிட்டது என்று போன் செய்தார். "உங்களுக்கு வளர்க்கத் துப்பில்ல, மரத்தைக் குறை சொல்லாதீங்க" என்று வைத்துவிட்டேன். நேரில் பார்த்து இந்தப் பயணக் குறிப்பை எழுதி, சிரித்தவர்கள் முகத்தில் கரி பூச வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயணம். கலாவிடம் சொல்லவில்லை. திடீரென்று போய் நின்றால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

6.30. அரியாங்குப்பத்துக்கு ஆட்டோக்காரர் இருநூற்றைம்பது கேட்டார்.

"அஞ்சு கிலோமீட்டருக்கா? இது ஆட்டோவா, ஏரோப்ளேனா?"

"மழைல யாரும்மா வருவாங்க? சரி, எரநூறு குடுங்க."

ஏறினேன். பையில் மரத்துக்கான கத்தரியும் கிளை வளைக்கும் செம்புக் கம்பியும் சலசலத்தன. என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"எல செவக்கறத பாக்கவா அவ்ளோ தூரத்துலருந்து வந்தீங்க? எங்க தெரு வாதாம் மரம் வருஷா வருஷம் செவக்குது. நாங்க பெருக்கித் தள்ளிட்டுப் போறோம்."

அது வேறு, இது வேறு என்று பாலம் தாண்டும்வரை பாடம் நடத்தினேன். பாவம், "ஆமாம்மா, ஆமாம்மா" என்று தலையாட்டிக்கொண்டே ஓட்டினார்.

7.00. கதவைத் திறந்த கலாவின் கழுத்தில் அளவு நாடா. வீட்டிலேயே துணி தைக்கிறாள். என்னைக் கண்டதும் அவள் முகம் பேயறைந்தது போலாகிவிட்டது.

"சொல்லாம கொள்ளாம வந்துட்டியேக்கா!"

"உன் வீட்டுக்காரர் எங்கடி? ஞாயித்துக்கிழமைகூட லீவு இல்லையா?"

"ஓவர்டைம்க்கா. தட்டாஞ்சாவடி கம்பெனிக்குப் போயிருக்காரு."

"கையில வளையலக் காணோம்?"

"தைக்கும்போது இடிக்குது. கழட்டி வச்சிருக்கேன்."

நான் அதற்குமேல் கேட்கவில்லை. ஜன்னலோரம் மரம் நின்றது. இடது பக்கம் முழுச் சிவப்பு, வலது பக்கம் இன்னும் பச்சை! அடடா, ஒரு பக்கம் முந்தி, ஒரு பக்கம் பிந்தி, எங்கள் மலையில் நிறம் ஏறுவது போலவே இருந்தது. "இப்பத்தாண்டி ஏறுது!" என்று சின்னப் பிள்ளை மாதிரி கத்தினேன்.

"கை வைக்காதக்கா, கொட்டிடும்" என்றாள்.

வைத்துவிட்டேன். துணி.

ஒவ்வொரு இலையையும் பஞ்சு நூலால் காம்பு திரித்து, செத்த கிளையில் கட்டியிருந்தாள். பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின் திறந்து கிடந்தது. அதில் அவிழ்த்த பச்சை இலைகளும் இன்னும் கட்டாத சிவப்பு இலைகளும் இருந்தன. சிவப்பு, டவுனில் பிரெஞ்சு அரசின் பென்ஷன் வாங்கும் ஒருவர் வீட்டுக்குத் திரைச்சீலை தைத்ததில் மிச்சமாம். ஏப்ரலில் பச்சை, நவம்பரில் சிவப்பு. நடுவில் நான் போனில் சொன்னதெல்லாம், தண்ணீரைக் குறை, வேரை வெட்டு, உரம் வை, எல்லாம் அந்தத் துணிக்குத்தான்.

"எப்ப போச்சு?"

"மொத வெயில்லயே."

"ஏண்டி சொல்லல?"

"எப்படிக்கா சொல்றது? உங்கிட்ட எத சொன்னாலும் தப்பு யாருதுன்னுதான மொதல்ல கேப்ப."

திட்ட வாய் திறந்தேன். நான் இன்னும் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அவள் ஓரடி பின்னால் போய்விட்டாள். மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான்கு வருஷப் படங்களிலும் அந்த இலைகள் ஒரு நூல்கூட மாறவில்லை. மரம் வளர்க்கத் தெரிந்தவள் என்று மார்தட்டும் எனக்கு அது கண்ணில் படவில்லை. தருமபுரிக்காரரை நினைத்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது.

மாலை 4.00. அவள் வீட்டுக்காரர் சாப்பாட்டுக்கும் வரவில்லை. பேருந்து நிலையம்வரை கலா வந்தாள். மரத்தை அங்கேயே விட்டுவிட்டேன். குன்னூரில் என் வாசலில் இப்போது நிஜ இலைகள் உதிர்ந்து, பெருக்க ஆளில்லாமல் கிடக்கும். என்னிடம் ஒளிக்க அங்கே யாரும் இல்லை. என்னோடு யாரும் இருக்கவும் மாட்டார்கள் போலிருக்கிறது.

இருக்கையில் உட்கார்ந்த பிறகுதான் அவளுடைய வெறும் கை நினைவுக்கு வந்தது. ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

"கலா, நீ நல்லாத்தான இருக்க?"

"எனக்கென்னக்கா, நல்லா இருக்கேன்" என்றாள் சிரித்துக்கொண்டு.

மரம் எப்படி இருக்கிறது என்று நான் கேட்டபோதெல்லாம் இந்தக் குரலில்தான் பதில் சொன்னாள். இறங்கிவிடலாம் என்று எழுந்தேன். வண்டி நகர்ந்துவிட்டது.