முனீர் அகமதின் மூன்று சக்கரம்

செய்தி வந்தபோது மணி மூன்று இருபது. செவ்வாய்க்கிழமை. வாணியம்பாடியில் கல்லூரி விட்டு பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். போனில் வெல்டிங் பட்டறை அந்தோணி கூப்பிட்டான். பட்டறையின் கிரைண்டர் சத்தம் கேட்கவில்லை.

"ஜேபி, முனீர் பாய் போய்ட்டாரு. கம்பெனிலயே. சாப்ட்டு வந்து உக்காந்தாராம், நெஞ்சு அடைக்குதுன்னாராம். ஆஸ்பத்திரி கேட்டுக்குள்ள வண்டி போறப்பவே முடிஞ்சிடுச்சி."

மறுநாள் மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள். பெரிய கூட்டம். வந்தவர்களில் பாதிப் பேர் அவரைப் பற்றிப் பேசியது, "படுத்துக்கினே சைக்கிள் ஓட்டுவாரே, அவரு" என்றுதான். அவருக்கு அது பிடித்திருக்கும் என்று தோன்றவில்லை. ஓட்டினார் என்பதைவிட எவ்வளவு வேகமாக ஓட்டினார் என்று சொல்ல வேண்டும் என்பார்.

முனீர் அகமது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் பேட்டர்ன் அறைக்குத் தலைவர். ஒரு ஷூவுக்குத் தோலை எந்த வடிவத்தில், எத்தனை துண்டாக, எந்தப் பக்கமாக வெட்டுவது என்று முடிவு செய்யும் இடம் அது. தன் வேலையில் அவருக்கு அடக்கம் கிடையாது. பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவர் ஷூவைப் பார்த்து, "இத்த வெட்னவன் காலைல ஊட்ல சண்ட போட்டுட்டு வந்துகிறான்" என்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் எட்டுப் பேர் சைக்கிளில் பள்ளிகொண்டா வரை போய் வருவோம். அங்கே ஒரு டீக்கடை. முதலில் போய்ச் சேருபவர் எல்லாருக்கும் டீ சொல்வார். கடைசி ஆள் வந்து உட்காரும்வரை யாரும் கிளாசைத் தொடக்கூடாது. இந்த விதியைப் போட்டவர் முனீர் பாய். அப்போது அவர்தான் பெரும்பாலும் முதலில் போவார். பின்தங்கியவர்கள் வந்து சேரும்போது டீயின் மேல் ஆடை படர்ந்திருக்கும். "உன்னால எட்டு டீ செத்துச்சி" என்று வருபவரை வரவேற்பார்.

ஐம்பத்திரண்டாவது வயதில் அவருக்கு இடுப்பில் டிஸ்க் விலகியது. வேலூரில் அறுவை சிகிச்சை நடந்தது. வலி போய்விட்டது, ஆனால் வலது பாதம் பாதி மரத்துப்போயிற்று. இனிமேல் சைக்கிள் வேண்டாம் என்றார் டாக்டர்.

"சைக்கிள் வேணாமா, சைக்கிள் சீட்டு வேணாமா?" என்று கேட்டாராம் இவர்.

குனிந்து உட்காரக் கூடாது என்று டாக்டர் விளக்கினார். முனீர் பாய்க்கு அது போதுமானதாக இருந்தது. சாய்ந்து படுத்தபடி மிதிக்கும் மூன்று சக்கர வண்டிகளை வெளிநாட்டுக்காரர்கள் ஓட்டுவதைப் போனில் பார்க்க ஆரம்பித்தார். பிறகு அந்தோணியின் பட்டறைக்குப் போனார்.

வண்டி உருவாகச் சில மாதங்கள் ஆயின. முன்னால் இரண்டு சிறிய சக்கரம், பின்னால் ஒரு பெரிய சக்கரம். நடுவே முழங்கால் உயரத்துக்கும் தாழ்வாக ஒரு சாய்வு இருக்கை. பெடல் முன்பக்கம் நீட்டிய குழாயின் நுனியில் இருக்கும். கைப்பிடிகள் இடுப்புக்கு இருபுறமும். மூன்று சைக்கிளின் செயினை இணைத்தால்தான் பெடலிலிருந்து பின்சக்கரம் வரை எட்டும். லாரிக்காரன் கண்ணில் படுவதற்காகப் பின்னால் உயரமான ஒரு கம்பியில் ஆரஞ்சுக் கொடி.

முதல் நாள் அது தெருவுக்கு வந்தபோது பஜாரில் ஒரு பழக்கடைக்காரர், "இன்னா பாய், உயிரோடவே ஊர்வலம் கெளம்பிட்டீங்க?" என்றார்.

"தோள் குடுக்க நாலு பேரத் தேட வேணாம் பாரு" என்றார் முனீர் பாய், படுத்தபடியே.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை எங்களோடு பள்ளிகொண்டா போக வேண்டும். அவருக்காக ஒரு டீயும் ஆறக்கூடாது. அதை எங்கள் எல்லாரிடமும் சொல்லியிருந்தார். தனியாக, ஒருவருக்கும் தெரியாமல் ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிற ஆள் இல்லை அவர்.

முதல் ஞாயிறு வழியில் மாதனூரைத் தாண்டுவதற்குள் நின்றுவிட்டார். இருக்கை தொய்ந்து அவர் முதுகு வில்லாக வளைந்திருந்தது. செயின் போகும் குழாயில் இடுப்பு இடித்தது. இருக்கை தோலால் ஆனது. ஆம்பூர்க்காரருக்கு வேறு எதுவும் தோன்றாது. கம்பெனியில் கிடைத்ததிலேயே நல்ல மாட்டுத்தோலைத் தேர்ந்து தானே வெட்டியிருந்தார். தவறு தோலில் இல்லை. எந்தத் தோலும் ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் இழுபடாது. ஷூவுக்கு வெட்டும்போது நீளவாட்டில் இழுபடாமலும் அகலவாட்டில் கொஞ்சம் இழுபடுவது போலவும் வைப்பார்கள். அப்போதுதான் பாதம் உள்ளே போகும். முப்பது வருடப் பழக்கத்தில் கை அப்படியே வைத்து வெட்டிவிட்டது. இருக்கையின் தோலோ இரண்டு பக்கக் குழாய்களுக்கு நடுவே அகலவாட்டில்தான் எடையைத் தாங்க வேண்டும்.

கண்டுபிடித்தது அவர் மனைவி சுகரா பேகம். கல்யாணத்துக்கு முன்பு அவரும் அதே தொழிலில் ஷூவின் மேல்பகுதி தைத்தவர். இருக்கையைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, "முதுக ஷூக்குள்ள போடப் பாத்தீங்களா?" என்றார். முனீர் பாய் அன்றே அந்தத் தோலைக் கழற்றிப் போட்டார்.

அடுத்த இருக்கை ஸ்போர்ட்ஸ் ஷூவுக்குப் போடும் தடித்த வலைத்துணி. பின்பக்கம் இரண்டு வரிசை ஓட்டை போட்டு, ஷூ லேஸ் கட்டுவது போல நைலான் கயிறு கோத்தார். இடுப்புக்கு இறுக்கம், தோளுக்கு லூஸ் என்று இடத்துக்கு இடம் மாற்றிக் கட்டலாம். காற்றும் புகும். நான் ஒருமுறை அதில் படுத்துப் பார்த்தேன். எழ மனம் வரவில்லை என்று சொன்னேன். "அதான் பிரச்சன. சொகமா இருந்தா ஸ்பீடு கம்மி" என்றார்.

அது உண்மை. அந்த இருக்கையில் வலியில்லாமல் பள்ளிகொண்டா வந்துசேர்ந்தார். ஆனால் ஏழு பேரும் ஆடை படர்ந்த டீக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். "வாங்க பாய்" என்று நகர்ந்து இடம் விட்டோம். அவர் கிளாஸ்களைப் பார்த்தார்.

"எவனாவது திட்டுங்களேன்டா" என்றார்.

யாரும் திட்டவில்லை. அது அவருக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது என்று பிறகு அந்தோணி சொன்னான்.

அதன்பின் வேகத்துக்கான வேலைகள் தொடங்கின. இருக்கையை இன்னும் சாய்த்தார்கள். சாய்ந்தால் காற்று குறைவாக மோதும், ஆனால் தலை பின்னால் போய் வானம்தான் தெரியும். அதனால் கழுத்துக்கு ஒரு சிறிய தாங்கி வைத்தார்கள். பெடல் இருக்கும் குழாயை ஒரு விரல்கடை நீட்டினார்கள், முழங்கால் சரியாக விரிவதற்காக. முன்பக்கப் பல்சக்கரத்தைப் பெரிதாக்கினார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பட்டறை வாசலிலிருந்து பெட்ரோல் பங்க் வரை ஒரு ஓட்டம். வேகம் ஏறியது.

வேகம் ஏறியதால்தான் பாதத்தின் பிரச்சினை வெளியே வந்தது. ஒரு மேம்பாலத்தின் இறக்கத்தில் மரத்துப்போன வலது பாதம் பெடலிலிருந்து நழுவித் தரையில் பட்டது. சாதாரண சைக்கிளில் கால் நழுவினால் ஊன்றிக்கொள்ளலாம். இதில் வண்டி முன்னால் போய்க்கொண்டே இருக்கும், கால் அதற்கடியில் மாட்டும். எலும்பு முறியவில்லை. கணுக்கால் வீங்கி அவர் ஒரு மாதம் கம்பெனிக்கு ஆட்டோவில் போனார். கால் நழுவியதே அவருக்கு உடனே தெரியவில்லை, சத்தம் கேட்டுத்தான் தெரிந்தது என்றார்.

சுகரா பேகம் வண்டியை விற்றுவிடச் சொன்னார். பிறகு ஒரு நிபந்தனைக்கு இறங்கி வந்தார். அதை என் முன்னால்தான் சொன்னார்.

"கால் பெடல்ல இருந்து நழுவாதுன்னு என் கண்ணால பாக்கணும். பாத்தா ஓட்டுங்க. இல்லன்னா அந்தோணி தம்பி அத்த வெட்டிப் பழைய இரும்புக்குப் போடட்டும்."

"ஏம்மா என்ன இழுக்குறீங்க?" என்றான் அந்தோணி.

முனீர் பாய் தன் கால் அச்சில் ஒரு ஷூ செய்தார். கம்பெனியில் கால் வடிவத்தில் பிளாஸ்டிக் அச்சு இருக்கும். அதன் மேல்தான் ஷூவை இழுத்து உருவாக்குவார்கள். ஓர் அச்சின் மேல் தோல்துண்டுகளை ஒட்டித் தன் வலது பாதத்தைப் போலவே ஆக்கிக்கொண்டார். ஷூவின் அடியில் ஒரு இரும்புத் தகடு, அது பெடலோடு போல்ட்டில் சேரும். குதிகாலை உயரமான தோல் பிடித்துக்கொள்ளும். உட்கார்ந்த பிறகு காலை நுழைத்துப் பட்டையை இழுத்தால் போதும். கீழே விழுந்தால் எப்படி எடுப்பது என்று கேட்டேன். "மூணு சக்கரம்பா. எங்க விழுவேன்?"

போன வெள்ளிக்கிழமைதான் சோதனை. தொழுகைக்குப் பிறகு சர்வீஸ் ரோட்டில் அவர் ஓட்டினார். சுகரா பேகம் ஸ்கூட்டியில் பின்னாலேயே போனார், ஒரு கண் மீட்டரில், ஒரு கண் அவர் காலில். நானும் அந்தோணியும் பங்க் அருகே நின்றோம்.

"முப்பத்திரண்டு" என்று கத்திக்கொண்டு எங்களைக் கடந்தார் சுகரா பேகம். அந்த வேகத்தில் போனால் எங்கள் எட்டுப் பேரில் அவர் நடுவில் வந்துவிடுவார்.

வலது கால் அசையவில்லை. ஆனால் அடுத்த வேகத்தடையில் வண்டி துள்ளியபோது இடது கால் பெடலை விட்டு எகிறியது. நன்றாக இருக்கும் கால். அதை யாரும் யோசிக்கவில்லை. அவர் சுதாரித்துக் காலை மேலே தூக்கிப் பிடித்தபடியே பிரேக் போட்டார்.

"ரெண்டு காலுக்கும் போடுங்க" என்றார் சுகரா பேகம், ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு.

"அது நல்லா கீற கால்மா."

"பாத்தேன், நல்லா கீற லட்சணத்த."

முனீர் பாய் சிரித்துவிட்டார். அங்கேயே போனை எடுத்து எங்கள் ஞாயிறு குழுவுக்குக் குரல் செய்தி அனுப்பினார். "இந்த வாரம் வரல. அடுத்த வாரம் வர்றேன். எனக்காக எவனும் பிரேக் போடக்கூடாது. டீ சூடா இருக்கணும்." பலர் கட்டைவிரல் படம் அனுப்பினார்கள். ஒருவர் மட்டும், "யார் முதல்ல போறாங்கன்னு பாப்போம் பாய்" என்று எழுதினார். அதைப் படித்துவிட்டு முனீர் பாய் எங்கள் இருவருக்கும் காட்டினார்.

திங்கட்கிழமை வேலை நேரம் முடிந்ததும் இடது காலுக்கான தோலை வெட்டினார். செவ்வாய் காலையில் தையல் பகுதியில் கொடுத்துத் தைத்து வாங்கினார். சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன் அதை அச்சின் மேல் ஏற்றி இழுத்து முடித்திருக்கிறார். அவருடைய டிபன் பாக்ஸையும் கண்ணாடியையும் வாங்கி வர நேற்று நான்தான் கம்பெனிக்குப் போனேன். இடது கால் ஷூ அவர் மேசையில் அச்சோடு இருக்கிறது. பசை தடவுவதற்காக அடியைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி வைத்திருக்கிறார். அடித்தகடு இன்னும் ஒட்டப்படவில்லை.