அக்கா சொன்னதும் நான் சொன்னதும்

சிங்களத்தை எனக்கு ஒருவரும் படிப்பித்துத் தந்ததில்லை. எங்கள் கண்டாவளைப் பக்கம் றோட்டுப் போட வந்த தென்பகுதி ஆட்களுக்கு இரண்டு வருடம் சோறு சமைத்துக் கொடுத்தேன். பருப்புக்கு உப்புக் காணாது என்று அவர்கள் சொன்னதில் தொடங்கி, பெண்சாதிமாரோடு தொலைபேசியில் பிடித்த சண்டைவரைக்கும் காதால் கேட்டுக் கேட்டே பிடித்த பாஷை. ஆட்களின் கதை என்றால் எனக்கு அப்படி ஒரு ஆசை. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு செமிக்காது. சொல்லும்போது கொஞ்சம் தாளித்தும் விடுவேன். அதுதான் பிழையாய்ப் போனது.

பக்கத்து வீட்டு அக்காவின் மகன் கொழும்பில் வேலை செய்த இடத்தில் ஒரு சிங்களப் பிள்ளையை விரும்பிக் கலியாணம் செய்தான். குருநாகல் பக்கத்துப் பிள்ளை. மூன்றாம் மாதம் அவளைக் கொண்டுவந்து தாயோடு விட்டுவிட்டுக் கட்டாருக்குப் போய்விட்டான். அக்காவுக்குச் சிங்களத்தில் ஒரு சொல் தெரியாது. அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் நடுவில் வேலி தாண்டிப் போய் நின்றது நான்.

முதல் வெள்ளிக்கிழமையே அந்தப் பிள்ளை சம்பலுக்கு மாசிக் கருவாடு இடித்தது. வெள்ளியில் மீன் மச்சம் படாத குசினி அது.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா மாசி இடிக்கிறாள். அவளின்ர தலையில இடிக்க வேணும் எண்டு சொல்லு," என்றா அக்கா.

நான் அந்தப் பிள்ளையின் பக்கம் திரும்பி, "வெள்ளியில மட்டும் மச்சம் வேண்டாமாம். உன்ர கை நல்ல கையாம், மற்ற நாளில செய்து தரட்டாம்," என்று சிங்களத்தில் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது.

இன்னொரு நாள் கிணற்று வாளியை நிலத்தில் வைத்ததற்கு அக்கா அரை மணித்தியாலம் ஏசினா. அந்தப் பிள்ளை என்னைப் பார்த்து, "அக்கே, இந்த அம்மாவுக்கு வாய் நோகாதா?" என்று கேட்டாள். "என்னவாம்?" என்றா அக்கா. "உங்களிட்டத்தான் வீட்டு வேலை பழக வேணுமாம்," என்றேன். அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் எனக்குத் தேத்தண்ணி போட்டா. நல்ல பால் தேத்தண்ணி.

அந்தத் தேத்தண்ணிக்கு நான் பழகிப்போனேன். இரண்டு பேரும் என்னைத் தேடினார்கள். ஊரில் எனக்கு ஒரு மதிப்பு வந்தது. ஒரு நாள் அந்தப் பிள்ளை கொப்பி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். அரிசி, அடுப்பு, தண்ணீர் என்று தமிழ்ச் சொற்களைச் சிங்கள எழுத்தில் எழுதியிருந்தாள். தமிழ் படிப்பித்துத் தாங்கோ என்று கேட்டாள்.

"அவசரம் என்ன? நான் இருக்கிறன் தானே," என்றேன்.

இப்போது நினைத்தால் நெஞ்சு சுடுகிறது. ஒரு வேலையும் இல்லாத மத்தியானங்கள் எனக்கு எத்தனை இருந்தன.

அவள் கொப்பியை மடித்துக்கொண்டு போனாள். ஆனால் எழுதுவதை நிறுத்தவில்லை, அக்கா திரும்பத் திரும்ப ஏசுகிற சொற்களையும் சேர்த்து. நான் அதைக் கவனிக்கவில்லை.

ஒரு வருடம் முடிகிற நேரம், குருநாகலில் இருக்கிற தமக்கையிடம் போகப் போகிறேன் என்று பையைக் கட்டினாள். திரும்பி வருவதாகச் சொல்லவில்லை. காலையிலேயே அக்கா என்னைக் கூப்பிட்டுவிட்டா. நான் போனபோது அந்தப் பிள்ளை பையோடு குசினி வாசலில் நின்றாள். அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பயத்தங்காய் முறித்துக்கொண்டிருந்தா. முறிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு திரும்பாமலே, கிட்டப் போன எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி வாய்க்குள் சொன்னா:

"போக வேண்டாமெண்டு சொல்லு. என்ர வாய் பொல்லாத வாய்தான். அவள் போனா இந்த வீட்டில நான் ஆரோட சண்டை பிடிக்கிறது? அதைக் கேள் அவளிட்ட."

அக்காவின் வாயில் அப்படி ஒரு சொல்லை நான் அதற்கு முதல் கேட்டதில்லை. ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல் அப்படியே சிங்களத்தில் சொன்னேன்.

அவள் சிரித்தாள். "அக்கே, இது உங்கட கதை," என்றாள். தமிழில், அக்காவுக்குக் கேட்காத மெல்லிய குரலில் சொன்னாள். பிறகு அதே குரலில் சொல் சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்: "தலையில இடிக்க வேணும். அம்மா சொன்னது. கை நல்லம். நீங்க சொன்னது. எனக்கு இப்ப விளங்கும்."

இல்லைப் பிள்ளை, இது அவ சொன்னதுதான் என்றேன். கையைப் பிடித்துக்கொண்டு சிங்களத்தில் சொன்னேன். அவள் என் கன்னத்தைத் தடவினாள். "நீங்க நல்ல ஆள், அக்கே," என்றாள். ஆனால் நம்பவில்லை. என்னை நம்ப நான் என்ன வைத்திருந்தேன்?

"என்னவாம்?" என்றா அக்கா, இன்னும் திரும்பாமல்.

"ரண்டு கிழமையில வாறாளாம்."

அந்தப் பொய்யை எந்த வாயால் சொன்னேனோ தெரியாது. பழகிய வாய். தானாக வந்தது.

அக்கா இரண்டு கிழமையை எண்ணினா. பரந்தன் பக்கமிருந்து வருகிற பஸ் சத்தம் கேட்டால் கேற்றடிக்கு வந்தா. பதினைந்தாம் நாள் மத்தியானம் வேலிக்கு மேலால், "பஸ் ஏதும் பழுதோ பிள்ளை?" என்று கேட்டா. அதற்குமேல் எனக்கு ஏலவில்லை. வேலியடியில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன், மாசியில் தொடங்கி.

அக்கா அழுவா அல்லது அடிப்பா என்று நினைத்தேன். "நான் ஏசினதை ஏசினதாச் சொல்லியிருந்தா, அவள் திருப்பி ஏசியிருப்பாளடி. ஏசிப்போட்டு இருந்திருப்பாள்," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனா.

ஐந்து நாள் என்னோடு கதைக்கவில்லை. ஆறாம் நாள் தொலைபேசியோடு வந்து நின்றா.

"நான் அண்டைக்குச் சொன்னதைச் சிங்களத்தில சொல்லித்தா. உன்ர சாமான் ஒண்டும் போடாத."

"ஒயா நெத்துவ மம காத் எக்கத ரண்டு வென்னே," என்று சொல்லிக் கொடுத்தேன். நீ இல்லாமல் நான் ஆரோடு சண்டை பிடிக்கிறது. அவ்வளவுதான். அக்கா அதை முற்றம் கூட்டும்போதும் சொன்னா, தண்ணீர் அள்ளும்போதும் சொன்னா. பின்னேரம் போனை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினா. வெளியே நின்ற எனக்கு அந்த ஒரு வசனம் கோணல்மாணலாகக் கேட்டது. பிறகு அக்கா சிரித்த சத்தம்.

அக்கா வெளியே வந்ததும், "என்னவாம் அக்கா?" என்றேன்.

"அது எங்கட கதை," என்றா.

அடுத்த கிழமை அந்தப் பிள்ளை பையோடு வந்து இறங்கினாள். இப்போது இரண்டு பேரும் வாளிக்கும் உப்புக்கும் நேரடியாகவே சண்டை பிடிக்கிறார்கள், பாதி தமிழில், பாதி சிங்களத்தில். என்னைக் கண்டால் அந்தப் பிள்ளை அன்பாகத்தான் கதைக்கிறாள், ஆனால் தமிழில் மட்டும். நேற்று வேலியடியில் நின்று, "உன்ர புளிக்கறி நல்லாயிருக்கு எண்டு அக்கா சொன்னவா," என்றேன். உண்மையாகவே சொன்னா.

அவள் வீட்டுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள்: "அம்மா, நீங்க சொன்னதா?"

"ஓமடி, அது நான் சொன்னதுதான்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அதைக் கேட்ட பிறகுதான் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.