ஈர மண்ணில் தாகம்

இப்போதெல்லாம் மண்ணின் ஈர அளவுகள் என் போனுக்கே வந்துவிடுகின்றன. பல வருடங்களுக்கு முன் அப்படியில்லை; அப்போது நான் ஆராய்ச்சி மாணவி. தண்டையார்பேட்டையில் பஸ் ஏறி, கருவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எண்ணூர் போவேன். அந்த நாட்களை நினைத்தால் இன்றும் மனம் இளகுகிறது.

கழிமுகத்தை ஒட்டி, அனல்மின் நிலையச் சாம்பலைக் கொட்டிய மேட்டில் மரக்கன்றுகள் நட்டிருந்தார்கள். பாதிக்கு மேல் கருகிவிட்டன. காரணம் கண்டுபிடிக்க என்னை அனுப்பியிருந்தார்கள்.

கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றியவள் பக்கத்துக் குப்பத்துப் பெண். என் வயதுதான். முதல் நாளே சூப்பர்வைசர் அவள் எதிரிலேயே சொன்னார்:

"இவ ஒழுங்கா ஊத்துறதில்ல மேடம். அதான் செத்துப்போச்சு."

அவள் குடத்தை இறக்கினாள். "தெனம் ஊத்திக்கினுதான் கீறேன். உன் மிஷின்லயே பாரும்மா."

என் பெட்டியில் இருந்த மிஷின், மண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்ச வேர் எவ்வளவு பாடுபட வேண்டும் என்று காட்டும் ஒரு குழாய். அடியில் பீங்கான் முனை, மேலே முள். அதை நட்டுவிட்டு மதியம்வரை காத்திருந்தேன். முள் பூஜ்யத்தை விட்டு நகரவேயில்லை. மண் நன்றாக ஈரமாக இருந்தது. சூப்பர்வைசர் குனிந்து முள்ளைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

"அப்ப இன்னாத்துக்கு சாவுது?" என்றாள். தண்ணீர் எங்கே எடுக்கிறாள் என்று கேட்டேன்.

"அந்தாண்ட குழிலதான். உப்பு கரிக்குதுன்னு எத்தினி வாட்டி சொன்னேன். எவன் கேட்டான்?"

எனக்குச் சுருக்கென்றது. என் குழாய்க்கு உப்பு தெரியாது. அடுத்த வாரம் கல்லூரியில் கெஞ்சி, உப்பின் பிடியையும் சேர்த்து அளக்கும் சின்னப் பெட்டியை வாங்கிப் போனேன். அதன் கிண்ணத்தில் கொஞ்சம் மண்ணை வைத்து மூடினேன். அளவு வரும்வரை, அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த இறால் தொக்கையும் சோற்றையும் இருவரும் பகிர்ந்து சாப்பிட்டோம். பெட்டி சொல்லிவிட்டது: தண்ணீரை உப்பு இறுக்கிப் பிடித்திருக்கிறது, வேரால் இழுக்க முடியாது. ஈரத்தில் நின்றபடியே கன்றுகள் தாகத்தில் செத்திருக்கின்றன.

"நான் சொன்னா கேக்கல, டப்பா சொன்னா கேப்பாங்களா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

முதலில் சொன்னது அவள்தான் என்பதை அறிக்கையில் எழுதினேன். குழித் தண்ணீருக்குப் பதிலாக லாரியில் நல்ல தண்ணீர் வந்தது. இரண்டு மாதம் கழித்துப் போனபோது என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். "வா வா, வேம்பு துளிர் வுட்டுக்கீது!" அப்போது ஒரு லாரி வந்து நின்றது. சூப்பர்வைசர் ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து அவளிடம் நீட்டினார். அவள் ஒரு வாய் குடித்துப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் லாரியின் குழாயைத் திறந்தார்கள்.